மேல் பொத்தான்

அத்தியாயம் பதினொன்று

திங்கட்கிழமை காலை கணவன் நெவில் கிராட்டனின் சட்டையில் மேல் பொத்தானைப் போட்டுவிட்டபோது டோரீனுக்கு எதுவும் தெரியாது.

தினமும் செய்வதுதான். அவன் தாடையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். அவள் இரண்டு விரலால் பொத்தானைத் துளைக்குள் தள்ளுவாள். பிறகு வலது மணிக்கட்டுப் பொத்தான். அதன்பின் இரவு வீடு திரும்பும்வரை அவன் சட்டையைக் கழற்ற மாட்டான், எவ்வளவு வெயில் அடித்தாலும். ஐம்பத்தொன்பதாம் வருட ஆகஸ்டில் எங்கள் மைதானத்துப் புல்லெல்லாம் வைக்கோல் நிறமாகிவிட்டது. வெட்டும் இயந்திரத்துக்கு வேலையே இல்லை. அப்படி ஒரு வெயில்.

"மூச்சு முட்டுது டோரீன். பொத்தான் போடுறியா, தூக்குல போடுறியா?"

"இன்னும் அஞ்சு விக்கெட் எடு. அப்புறம் அவுத்து விடுறேன்."

அந்த ஐந்து விக்கெட்டில்தான் அவர்கள் வாழ்க்கை இருந்தது. இந்தப் பருவத்தில் நெவில் தொண்ணூற்றைந்து விக்கெட் எடுத்திருந்தான். எங்கள் கவுண்டி கிரிக்கெட் அணியில் நூறு எடுத்தவனுக்குத் தொப்பி உண்டு. தொப்பி வாங்கியவனுக்கு அடுத்த வருட வேலை நிச்சயம். குளிர்காலத்திலும் சம்பளம் வரும். தொப்பி இல்லாதவன் செப்டம்பர் முடிந்ததும் மறுபடி நிலக்கரிச் சுரங்கத்துக்கு இறங்க வேண்டும்.

அந்தச் சுரங்கத்தில்தான் இரண்டு குளிர்காலங்களுக்கு முன் ஒரு கரி வண்டி தடம் புரண்டு அவன் வலது முழங்கையைச் சுவரோடு நசுக்கியது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் முழங்கை ஒரே நிலையில் நின்றுவிட்டது. முழுக்க நிமிராது, முழுக்க மடங்காது. தோளிலிருந்து சுற்றிப் பந்து வீச முடியும். சொல்லப்போனால் அந்தக் கோணத்தால்தான் பந்து முன்னைவிட மோசமாக எகிறியது. சொந்தக் கழுத்துப் பொத்தானை மட்டும் அந்தக் கையால் தொட முடியாது.

கிளப்பில் யாருக்கும் தெரியாது. 'கை உடைந்த பந்துவீச்சாளன்' என்று தெரிந்தால் தொப்பிக்குப் பதில் டாட்டா காட்டிவிடுவார்கள். அவன் வீட்டிலிருந்தே சட்டை போட்டு வந்தான். தேநீரை இடது கையால் குடித்தான். மற்றவர்கள் கேட்டால், "ராஜ வம்சம்டா நாங்க, இப்படித்தான் குடிப்போம்" என்பான்.

டோரீனுக்குத் தெரியும். சென்ற வியாழக்கிழமை, பிறந்த வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் தாங்க முடியாமல் இன்னொருவரிடம் சொல்லிவிட்டாள். ஈரத் தட்டுகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கப்பா."

"என்னை யாருன்னு நெனச்ச?" என்றார் ரெஜ் ஆல்சாப், தட்டைப் பார்த்துக்கொண்டே.

*

பெவிலியனின் முன்பக்கம் பெண்கள் போகக் கூடாது. பின்பக்கம் சமையலறைக்குப் போகலாம், முந்நூறு ரொட்டித் துண்டு நறுக்கலாம். டோரீனின் அம்மா எடித் பதினேழு வருடமாக அங்கே தேநீர் பொறுப்பு. ரொட்டி நறுக்குவது லேசான வேலை என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் நறுக்கிப் பார்க்கட்டும். மாலையில் தோள் தனியாகக் கழன்று தொங்கும்.

பத்தரை மணிக்குத் தட்டு நீட்டும் ஜன்னலில் நெவிலின் முகம் தெரிந்தது.

"என்ன நெவ், இப்பவே பசியா?" என்றாள் டோரீன்.

அவன் மடித்த செய்தித்தாளை உள்ளே நீட்டினான். லண்டன் பத்திரிகை, 'டெய்லி மானிட்டர்'. நான்கு மூலையிலும் குண்டூசித் துளை. ஆட்டக்காரர்கள் அறையில் யாரோ அதை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்திருந்தார்கள்.

"யார்கிட்ட சொன்ன?"

"எதை?"

"படி."

'இந்தக் கை சுத்தமா?' என்று தலைப்பு. கீழே ரெஜ் ஆல்சாப் என்று தடித்த எழுத்தில் பெயர். அவள் நின்றபடியே படித்தாள். கிராட்டன் பந்தை விடும்போது முழங்கை வளைந்திருப்பதைத் தன் கண்ணால் பார்த்ததாக எழுதியிருந்தார். பந்து வீசப்படுகிறதா, கல் எறிவதுபோல் எறியப்படுகிறதா என்று அம்பயர்கள் உற்றுப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அதற்கும் கீழே இருந்த வரியில் அவள் கண் நின்றுவிட்டது.

'காலையில் சட்டையின் மேல் பொத்தானைக்கூட மனைவிதான் போட்டுவிட வேண்டிய கை இது. இந்தக் கையிலிருந்து இவ்வளவு வேகம் எப்படி வருகிறது?'

"அந்தப் பொத்தான் போடுறதைப் பார்த்தவ இந்த உலகத்துல நீ ஒருத்திதான்" என்றான் நெவில். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

"நெவ்... அவரு என் அப்பா. நான் அப்பாகிட்டதான்..."

"அப்பான்னு எனக்கும் தெரியும். பேரு பெருசா போட்டிருக்கே."

"அழுகை வந்துச்சு, சொல்லிட்டேன். அவரு இப்படி..."

"ரெண்டு வருஷம் குளிக்கிற எடத்துக்குக்கூட கடைசி ஆளா போனேன். நீ ரெண்டு தட்டு கழுவுற நேரத்துல முடிச்சுட்ட."

ஜன்னலில் முகம் இல்லை. எடித் கத்தியை நிறுத்தவேயில்லை. ரொட்டி நறுக்குகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, நீங்க இதைப் பாத்தீங்களா?"

"தக்காளியை எடு" என்றாள் எடித்.

*

ரெஜ் ஆல்சாப் பத்தொன்பது பருவம் எங்கள் கவுண்டிக்குத் தொடக்க ஆட்டக்காரர். புதுப்பந்தை நெஞ்சில் வாங்கிய ஆள். வலது கட்டைவிரல் மூன்று முறை உடைந்து கொக்கிபோல் வளைந்தே போனது. முப்பத்தாறாம் வருடம் இங்கிலாந்து அணியோடு ஆஸ்திரேலியா போகும் கப்பலுக்கு அவர் பெயர் இருக்கிறது என்று ஊரெல்லாம் பேசினார்கள். எடித் புதுப் பெட்டிகூட வாங்கிவிட்டாள். கடைசிப் பட்டியலில் பெயர் இல்லை. அந்தப் பெட்டியில் இன்றுவரை போர்வைதான் இருக்கிறது.

நாற்பத்தொரு வயதில் ஒரு கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊர் 'ஈவினிங் லான்டர்ன்' பத்திரிகைக்காரர் அவர் பெயருக்காக வேலை கொடுத்தார். ரெஜ் இரண்டு விரலால் தட்டச்சு கற்றுக்கொண்டார். போனில் பேசத்தான் வரவில்லை. மைதானத்திலிருந்து போனில் செய்தி சொல்லச் சொன்னால் வேகப்பந்துக்கு முன்னால் வராத நடுக்கம் வந்தது. அதனால் பதின்மூன்று வயது டோரீன் பத்திரிகையாளர் அறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எழுதியதைப் போனில் வாசித்தாள். கல்யாணம் வரைக்கும் அவள் குரலில்தான் ரெஜ் ஆல்சாப் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அவருக்கு ஒரு பழக்கம். ஆட்டக்காரர்கள் அறையில் கேட்டதை எழுத மாட்டார். அதனால் அந்த அறையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிற ஒரே பத்திரிகைக்காரர் அவர். அன்று காலை அந்தக் கதவு அவர் முகத்துக்கு நேராகச் சாத்தப்பட்டது. உள்ளிருந்து ஒருவன், "பொத்தானை எல்லாம் எண்ணிக்கிட்டீங்களா ரெஜ்? என் கால்சட்டையில ஒண்ணு குறையுது, எழுதிக்கோங்க!" என்று கத்தினான்.

டோரீன் அவரை ஸ்கோர் பலகையின் படிக்கட்டில் பிடித்தாள்.

"ஏன்ப்பா?"

"மேல வா, இங்க எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். காலையில லட்சம் பேரு பாத்தாச்சு. ஏன்ப்பா?"

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "நான் எழுதலைன்னா வேற எவனாவது எழுதுவான் டோரீன். லண்டன்காரனுங்க ரெண்டு பேரு போன மாசமே அவன் கையைப் பத்திக் கேட்டாங்க. அவனுங்க எழுதுனா கொன்னுடுவானுங்க."

"நீங்க எழுதுனது தடவிக் கொடுத்த மாதிரி இருக்கா?"

"நான் முழுசா எழுதினேன்." அவர் அவள் கண்ணைப் பார்த்தார். "கை நிமிராதுன்னு எழுதினேன். நிமிராத கை எறிய முடியாதுன்னு எழுதினேன். அந்தப் பத்தியை லண்டன்ல வெட்டிட்டானுங்க. நான் என்ன செய்ய? எடம் இல்லைன்னு வெட்டிட்டானுங்க."

டோரீனுக்குச் சட்டென்று மூச்சு வந்தது. சிறு வயதிலிருந்து அவளுக்கு விதி தெரியும். வளைந்த கை குற்றமில்லை. வளைந்த கை பந்தை விடுகிற நேரத்தில் நிமிர்ந்தால்தான் அது எறிதல். நெவிலின் கை நிமிரவே நிமிராது. அந்த ஒரு பத்தி இருந்திருந்தால் அந்தக் கட்டுரை அவனுக்குக் காவலாக இருந்திருக்கும்.

"நெஜமாவாப்பா?"

"உன்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?"

நம்பிவிட்டாள். வேறு யாரை நம்புவாள்? பாதி கோபத்தை லண்டன் பக்கம் திருப்பிவிட்டு, நெவிலிடம் சொல்ல ஓடினாள். அதற்குள் ஆட்டம் தொடங்கும் மணி அடித்துவிட்டது.

*

மதிய உணவுவரை எங்கள் ஆட்கள் மட்டை பிடித்தார்கள். இரண்டேகாலுக்கு எதிரணி இரண்டாவது முறை ஆட வந்தது. மூன்றாவது ஓவர் நெவிலுக்கு.

மைதானத்து உருளை இழுக்கிற வேலைக்காரர்கள் நாங்கள் எல்லாரும் எல்லைக் கயிற்றோரம் உட்கார்ந்திருந்தோம். அன்று ஒரு சத்தமும் இல்லை. பந்தைப் பார்க்காமல் மைதானமே ஒரு முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மட்டை பிடிப்பவருக்குப் பக்கவாட்டில், ஸ்கொயர் லெக்கில், அம்பயர் ஹெர்பர்ட் மூல் நின்றார். நல்ல மனிதர். சனிக்கிழமை அதே இடத்தில் நின்று நெவிலின் இருபத்திரண்டு ஓவரைப் பார்த்தவர். அப்போது வாயைத் திறக்கவில்லை.

முதல் பந்து மட்டையைத் தாண்டிப் போனது. இரண்டாவது பந்தில் ஆட்டக்காரரின் ஸ்டம்பு பிடுங்கிக்கொண்டு பறந்தது.

தொண்ணூற்றாறு என்று எங்களில் ஒருவன் எழுந்தே விட்டான்.

"நோ-பால்!"

சத்தம் பக்கவாட்டிலிருந்து வந்தது. மூலின் கை நீண்டிருந்தது. ஸ்டம்பு பறந்த ஆட்டக்காரர் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றார். நெவில் அம்பயரைப் பார்த்தபடி நின்றான். கேட்க ஒன்றும் இல்லை. கை நிமிராது என்று சொன்னால், ஏன் நிமிராது என்று கேட்பார்கள்.

அடுத்ததை மெதுவாகவே வீசினான்.

"நோ-பால்!"

கேப்டன் லாசெல்ஸ் நடந்து வந்தார். சம்பளம் வாங்காமல் ஆடுகிற கனவான். அவருக்குத் தனி அறை, தனி வாசல். அவர் நெவிலின் தோளில் கை வைக்கவில்லை. பந்தை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஓவரின் மிச்சத்தை நெவில் எப்படியோ கால் பக்கம் சுழல்பந்தாகப் போட்டு முடித்தான். பிறகு எல்லைக்கோட்டுக்கு அனுப்பப்பட்டான், எங்களுக்கு நேர் எதிரே. கூட்டத்தில் ஒருவன், "ஏம்ப்பா, திருவிழாவுல பந்து எறிஞ்சு தேங்காயை விழவைக்கிற கடையில வேலை காலியாம், போறியா?" என்றான். சிலர் சிரித்தார்கள். நெவில் திரும்பவில்லை.

பெவிலியன் பின்புறச் சந்து வழியாக டோரீன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏப்ரனைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

*

தேநீர் இடைவேளைக்குப் பத்து நிமிடம் இருந்தது. எடித் கத்தியைக் கழுவித் துடைத்து வைத்தாள். பிறகு ஏப்ரன் பைக்குள்ளிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"உங்கப்பா மேசைக் கீழ் டிராயர்ல இருந்துச்சு."

கார்பன் படி. ரெஜ் எதைத் தட்டச்சு செய்தாலும் ஒரு படி வைத்துக்கொள்வார். திருத்தம் செய்தால் இரண்டிலும் செய்வார். டோரீன் கடைசிப் பத்தியைத் தேடினாள். இருந்தது.

'ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த முழங்கை அடிபட்டு நின்றுபோன முழங்கை. மடங்காது, நிமிராது. நிமிராத கை பந்தை எறிய முடியாது. சந்தேகம் உள்ளவர்கள் அவன் கையைப் பிடித்து நிமிர்த்திப் பார்க்கட்டும்.'

அதன் மேல் பென்சில் கோடு. மூலைக்கு மூலை.

"அதை வெளிச்சத்துல பிடி" என்றாள் எடித்.

டோரீன் ஜன்னல் பக்கம் பிடித்தாள். கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோட்டின் தடம். ரப்பரால் அழித்த தடம். ஒருமுறை அடித்து, மனம் கேட்காமல் அழித்து, மறுபடி அடித்திருக்கிறார். இரண்டாவது முறை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்திருந்தது.

"லண்டன்ல வெட்டிட்டாங்கன்னாரு" என்றாள் டோரீன்.

"நேத்து மத்தியானம் வீட்டுல போன் சும்மா கிடக்கு. இவரு சில்லறை பொறுக்கிக்கிட்டு தெருக்கோடி போன் கூண்டுக்குப் போறாரு. எதையோ மறைக்கிறாருன்னு தோணுச்சு. டிராயரைத் திறந்தேன்."

"நேத்து மத்தியானமேவா? அப்ப ஏம்மா சொல்லல?"

எடித் வெந்நீர்ப் பாத்திரத்தின் குழாயைத் திறந்து கெட்டிலை நிரப்பினாள். ஆவி முகத்தில் அடித்தது.

"மானிட்டர்காரன் கப்பல் டிக்கெட் தரானாம். டிசம்பர்ல வெஸ்ட் இண்டீஸ். இங்கிலாந்து டீமோட போய் எழுதணும். வேற யாருகிட்டயும் இல்லாத ஒரு செய்தி கொடுத்தா, வேலை இவருக்கு. பெட்டியிலிருந்து போர்வையை எடுத்து வெளிய போட்டாரு. அவரு முகத்தைப் பாத்தேன். இருபத்தி மூணு வருஷத்துக்கு அப்புறம் அந்த முகம்." அவள் கெட்டிலை வைத்தாள். "விடியட்டும்னு இருந்துட்டேன். அவரே போன் பண்ணி அந்தப் பத்தியைச் சேத்துடுவாருன்னு நெனச்சேன். தப்புதான்."

தேநீர் மணி அடித்தது. டோரீன் தட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்டக்காரர்கள் அறை வாசலுக்குப் போனாள். வாசல்வரைதான் போகலாம். நெவில் வெளியே வந்தான். அவள் தட்டோடு தாளையும் நீட்டினாள்.

அவன் படித்தான். மேலிருந்து கீழாக ஒருமுறை, அடித்த பத்தியை இன்னொருமுறை.

"லாசெல்ஸ் கூப்பிட்டாரா?" என்று கேட்டாள்.

"கூப்பிட்டாரு. தேநீருக்கு அப்புறம் நான் வர வேண்டாமாம், பன்னெண்டாவது ஆள் நிப்பானாம். தையல்காரர்கிட்ட சொல்லி வச்ச தொப்பியையும் நிறுத்தச் சொல்லிட்டாராம்." அவன் தாளைத் திருப்பிக் கொடுத்தான். "ரொம்ப மரியாதையா சொன்னாரு."

"நெவ், இதை லான்டர்ன்ல போடலாம். அஞ்சரை வரைக்கும் கடைசிப் பதிப்புக்கு எடுப்பாங்க. கை நிமிராதுன்னு தெரிஞ்சா எறியிறவன்ங்கிற பேரு போயிடும்."

"கை உடைஞ்சதை மறைச்சவன்ங்கிற பேரு வந்துடும்."

"ஆமா, வரும். அதான் உன்னைக் கேக்குறேன்."

"போன வியாழக்கிழமை கேட்டியா?"

அவன் சட்டைக் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டான். இடது கையால் மேல் பொத்தானைப் பிடித்து இழுத்தான். நூல் அறுந்து பொத்தான் தரையில் உருண்டது. அவள் குனியப் போனாள்.

"விடு" என்றான். "சொல்றதுன்னா சொல்லு, சொல்லாட்டி விடு. உன்கிட்ட இனிமே நான் எதையும் சொல்றதா இல்ல."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தேநீர்த் தட்டு அவள் கையிலேயே இருந்தது.

*

பத்திரிகையாளர் அறை என்பது ஸ்கோர் பலகைக்கு மேலே உள்ள மரக்கூண்டு. படிக்கட்டில் பதினாலு படி. டோரீன் ஐந்து பதினைந்துக்கு ஏறினாள். ரெஜ் தனியாக இருந்தார். மற்ற இரண்டு நிருபர்களும் இன்று அவரிடமிருந்து நாற்காலியை நகர்த்தி வெளி வராந்தாவில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் கார்பன் படியைத் தட்டச்சு இயந்திரத்தின் மேல் வைத்தாள்.

ரெஜ் அதைத் தொடவில்லை. பென்சில் கோட்டைப் பார்த்தார்.

"உங்கம்மா" என்றார்.

"காலையில என் கண்ணைப் பாத்து சொன்னீங்க."

"டோரீன், உக்காரு."

"பன்னெண்டு வருஷம் இங்க உக்காந்திருக்கேன். நீங்க எழுதினதுல ஒரு கமா மாத்தாம வாசிச்சேன். ஒரு நாளாவது நான் எதையாவது விட்டிருக்கேனா?"

"அந்தப் பத்தி இருந்தா அது செய்தியே இல்ல, புரியுதா? 'கை வளைஞ்சிருக்கு, ஆனா எல்லாம் சரி'ன்னா எவன் போடுவான்?" அவர் குரல் உடைந்தது. "நான் ரெண்டு நாள் கழிச்சு அதை எழுதறதா இருந்தேன். மறுப்பு மாதிரி. ஹெர்பர்ட் இன்னிக்கே நோ-பால் சொல்லுவாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? சனிக்கிழமை அந்த ஆளு பேசாமதானே நின்னாரு!"

"சனிக்கிழமை அவரு உங்க கட்டுரையைப் படிக்கல."

வெளியே நிருபர்களின் பேச்சு நின்றிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டோரீன் போனை எடுத்தாள். எண் விரலுக்கே தெரிந்திருந்தது.

"லான்டர்ன், விளையாட்டுப் பகுதி" என்றாள் மறுமுனையில் செய்தி தட்டச்சு செய்கிறவள்.

"மேவிஸ் அக்கா, நான் டோரீன்."

"அட என் கண்ணே! எவ்வளவு நாளாச்சு! அப்பாவுக்கு என்ன, நாக்கு சுளுக்கிக்கிச்சா?"

"ஆமாக்கா. நான் சொல்றேன், எழுதிக்கோங்க."

"இரு, தாள் மாட்டிக்கிறேன்... ம், சொல்லு."

ரெஜ் எழுந்தார். அவருடைய கொக்கிக் கட்டைவிரல் போன் பெட்டியின் குமிழ்மேல் வந்து நின்றது. அழுத்தினால் இணைப்பு அறுந்துவிடும்.

"கப்பலுக்காக மட்டும் தடுக்கிறேன்னு நெனைக்காத" என்றார் மெதுவாக. "நீ இதைச் சொன்னா அவன் மறைச்சதும் வெளிய வரும். கிளப் அவனைச் சும்மா விடாது. அவன் சரின்னானா?"

"சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல."

"அப்ப இதுக்குப் பேரு என்ன? நான் செஞ்சதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

அது நேராக நெஞ்சில் வந்து அடித்தது. டோரீன் கண்ணை மூடித் திறந்தாள். போனில் மேவிஸ், "கண்ணு, இருக்கியா?" என்றாள்.

"நான் முழுசா சொல்லப்போறேன்ப்பா" என்றாள் டோரீன். போனை வாய்ப்பக்கம் திருப்பினாள்.

"இன்று காலை லண்டன் பத்திரிகையில் நெவில் கிராட்டனைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு பத்தி இல்லை, முற்றுப்புள்ளி. அதை எழுதியவரே அடித்துவிட்டார், முற்றுப்புள்ளி. அடித்த பத்தி இது, மேற்கோள் தொடக்கம்..."

வாசித்தாள். பழைய குரல். நிறுத்தி, தெளிவாக, ஒரு சொல்லையும் விழுங்காமல். மறுமுனையில் தட்டச்சு படபடவென்று ஓடியது. 'கையைப் பிடித்து நிமிர்த்திப் பார்க்கட்டும்' என்ற இடத்தில் தட்டச்சு ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது.

கட்டைவிரல் குமிழ்மேலேயே இருந்தது. அழுத்தவில்லை. எடுக்கவும் இல்லை.

"புதுப் பத்தி. கிராட்டனின் கை சுரங்கத்தில் நசுங்கியது, முற்றுப்புள்ளி. வேலை போய்விடும் என்று அவர் அதை மறைத்தார், முற்றுப்புள்ளி. நம்பி வீட்டில் சொன்னதை வீட்டுக்கு வெளியே சொன்னது அவர் மனைவி, முற்றுப்புள்ளி."

"கண்ணு..." என்றாள் மேவிஸ்.

"எழுதுங்கக்கா."

தட்டச்சு ஓடி முடிந்தது.

"எழுதிட்டேன். கீழ வழக்கம்போல அப்பா பேருதானே?"

ரெஜ் தலையை நிமிர்த்தினார். முப்பது வருடத்துக்கு மேல் இந்த மைதானத்தின் பலகையிலும் தாளிலும் இருந்த பெயர். அவர் மகளைப் பார்த்தார். விரலைக் குமிழிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"இல்லக்கா" என்றாள் டோரீன். "டோரீன் கிராட்டன்னு போடுங்க."

சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். மைதானத்தில் நெவிலின் இடத்தில் பன்னிரண்டாவது ஆள் நின்றிருந்தான். அவள் கண் எல்லைக்கோட்டைத் தாண்டி, ஆட்டக்காரர்கள் வாசலைத் தாண்டி, தெருவுக்குப் போனது. அங்கே பேருந்து நிறுத்தத்தில் நெவில் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை, திறந்த கழுத்து, தோளில் ஆட்டப் பை.

ஒன்பதாம் எண் பேருந்து வந்து நின்றது. இரவு முறைக்குப் போகிற சுரங்கத்து ஆட்கள் ஏறினார்கள். அந்தப் பேருந்து சுரங்கத்துக்குப் போவது, நெவில் டோரீன் வீட்டுப் பக்கம் போவதில்லை.

நெவில் பையை முதலில் உள்ளே வைத்தான். பிறகு இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினான்.

"வேற ஏதாவது சேக்கணுமா, கண்ணு?" என்று மேவிஸ் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள்.